சாங்கிக்கு ரயிலா, டாக்சியா?

சிங்கப்பூரின் மேற்கில், ஜூரோங் வெஸ்ட்டில் குடியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பாவும் அம்மாவும் எங்களோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வரும் வியாழக்கிழமை திருச்சிக்குத் திரும்புகிறார்கள். காலை 10.40க்கு விமானம், முனையம் 1. பெரிய பெட்டி நான்கு, கைப்பை இரண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. நானும் மனைவியும் ஆறு வயது மகளும் வழியனுப்பப் போகிறோம். டாக்சிக்கு ஐம்பது வெள்ளி (டாலர்) வரை ஆகும் என்கிறார்கள். ரயிலில் எல்லோரும் போனாலும் பத்துப் பன்னிரண்டு வெள்ளியில் முடிந்துவிடும். காலை நெரிசலில் டாக்சி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. எது நல்லது?"

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களுக்கு வருகிறேன். அப்பா, அம்மா, நான்கு பெட்டிகள், கூட நீங்கள், இவ்வளவும் டாக்சியில். மனைவியும் மகளும் ரயிலில். வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது மூவரும் ரயிலில். ஐந்து பேரும் ஒன்றாகப் போக வேண்டும் என்று ஆசையிருந்தால் ஆறு பேர் அமரும் பெரிய வண்டியை முதல் நாளே பதிந்துவையுங்கள். நான்கு பெட்டிகளோடும் முழங்கால் வலியோடும் வேலைநாள் காலையில் கிழக்கு மேற்குப் பாதை ரயிலில் மட்டும் ஏறாதீர்கள்.

சாங்கி விமான நிலையத்தில் பயணிகளைப் பதிவு செய்யும் முகப்பில் பதினெட்டு ஆண்டுகள் நின்றவள் நான். தெம்பனிஸ்வாசி. அதிகாலைப் பணி, நள்ளிரவுப் பணி என்று எல்லா நேரத்திலும் விமான நிலையத்துக்குப் போய் வந்திருக்கிறேன். முதல் ரயில், கடைசி ரயில், பஸ், டாக்சி எல்லாமே எனக்குப் பழக்கம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி முகப்பின் அந்தப் பக்கம் வந்து நின்றவர்களின் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வேர்த்து விறுவிறுத்து, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு, கடவுச்சீட்டை எந்தப் பையில் வைத்தோம் என்று தேடிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்ப்பேன். "எதில் வந்தீர்கள்?" என்று பேச்சுக்கொடுப்பேன். தூரத்தில் இருந்து வந்தவர்கள் என்பதால் யாரும் அப்படிக் களைத்துப் போனதில்லை. ஒரு முனையிலோ மறுமுனையிலோ இழுபறிப்பட்டவர்களே அப்படி வந்து நின்றார்கள்.

எல்லோரும் கணக்குப் போடுவது நடுவழியை. பூன் லேயிலிருந்து தானா மேரா வரை இருபத்து மூன்று நிறுத்தம், ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கே மாறினால் எக்ஸ்போ, அதற்கடுத்து விமான நிலையம் என்று விரல் விட்டு எண்ணுகிறோம். அந்த நடுவழி ரயிலிலும் நன்றாகத்தான் இருக்கும், டாக்சியிலும் நன்றாகத்தான் இருக்கும். கஷ்டம் இருப்பது வீட்டு வாசலிலிருந்து ரயில் மேடை வரைக்கும், விமான நிலையத்து ரயில் மேடையிலிருந்து பதிவு முகப்பு வரைக்கும். அந்த இரண்டு துண்டையும் முதலில் கணக்கில் எடுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குவோம். நான்கு பெட்டிகளையும் மின்தூக்கியில் இரண்டு தவணையாக இறக்க வேண்டும். கூரை போட்ட நடைபாதை வழியாக பஸ் நிறுத்தம். பஸ்ஸில் ஏற்ற வேண்டும், காலை ஆறேகாலுக்கு அந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்திருப்பார்கள். பூன் லே பஸ் சந்திப்பில் இறக்க வேண்டும். கடைத்தொகுதியின் ஓரமாக இழுத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு. அகலமான நுழைவாயில் ஒன்றிரண்டுதான் இருக்கும், அதில் வரிசை. மேடைக்குப் போக மின்தூக்கி. ரயிலில் ஏற்றுவது. தானா மேராவில் இறக்குவது, அடுத்த ரயிலில் ஏற்றுவது. விமான நிலையத்தில் இறக்குவது, மறுபடி மின்தூக்கி. ஒரே பெட்டியை எத்தனை முறை தூக்கவோ சாய்க்கவோ வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், பத்தைத் தொட்டுவிடும். அதை நான்கால் பெருக்குங்கள். தூக்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். அப்பாவைத் தூக்க விடமாட்டேன் என்பீர்கள், அவர் கேட்கமாட்டார். மருமகள் முன்னால் சும்மா நிற்க எந்த மாமனாரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

டாக்சி என்றால் அடுக்குமாடி புளோக் கீழே ஒரு முறை ஏற்றுகிறீர்கள், முனையத்தின் புறப்பாட்டு வாசலில் ஒரு முறை இறக்குகிறீர்கள். இறக்கும் இடத்திலேயே தள்ளுவண்டிகள் இருக்கும், காசு கிடையாது. பெட்டிகளை வண்டியில் அடுக்கி ஓர் ஐம்பதடி தள்ளினால் முகப்பு. அந்த நாற்பது, ஐம்பது வெள்ளி அப்பாவின் முதுகுக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் நீங்கள் கொடுக்கும் விலை.

இப்போது மறுமுனை. சாங்கி விமான நிலைய எம்ஆர்டி நிலையம் 2002 பிப்ரவரியில் திறந்தது. அது இருப்பது முனையம் 2க்கும் முனையம் 3க்கும் நடுவே, நிலத்துக்கு அடியில். இந்த இரண்டு முனையங்களுக்குப் போகிறவர்களுக்கு மின்படியோ மின்தூக்கியோ ஏறினால் போதும், இதைவிட வசதி கிடையாது. முனையம் 1 என்றால் மேலே வந்து முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெயின் பிடிக்க வேண்டும், அல்லது ஜுவல் கடைத்தொகுதி வழியாக நடந்து போக வேண்டும். கையில் ஒரு சிறு பெட்டி மட்டும் இருந்தால் அந்த நடை இன்பமானது, நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போகலாம். முழங்கால் வலிக்காரருக்கு அது பத்துப் பதினைந்து நிமிடக் கூடுதல் வேதனை. முனையம் 4 என்றால் இன்னும் ஒரு படி. அங்கே ரயிலும் போகாது, ஸ்கைடிரெயினும் போகாது. மற்ற முனையத்திலிருந்து இலவச இணைப்பு பஸ் எடுக்க வேண்டும். 2017 அக்டோபர் கடைசியில் அந்த முனையம் திறந்த புதிதில், ரயிலில் இறங்கி "முனையம் 4 எங்கே?" என்று கேட்டு ஓடியவர்களை வாரந்தோறும் பார்த்தேன். டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்புவது எதில் போனாலும் ஆபத்துதான். போன வருடம் இதே விமானத்தில் போனோம் என்று நம்பாதீர்கள், விமான நிறுவனங்கள் முனையம் மாறும். முதல் நாள் இரவு ஒரு முறை பாருங்கள்.

தானா மேராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விமான நிலையத்துக்குப் பாதை போட்ட புதிதில் நகரத்திலிருந்து நேர் ரயில்கள் ஓடின. 2003லிருந்து அது கிளைப் பாதையாகிவிட்டது. கிழக்கு மேற்குப் பாதையின் ரயில்கள் பாசிர் ரிஸ் நோக்கிப் போய்விடும், விமான நிலையத்துக்கு தானா மேராவில் இறங்கி மாறியாக வேண்டும். மாறுவது ஒன்றும் கடினமில்லை, மாறவேண்டும் என்பது நினைவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பெரியவரும் அவர் மனைவியும் என் முகப்புக்கு வந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. மகனுக்கு வேலை, அதனால் ரயிலில் ஏற்றிவிட்டு "கடைசியில் இறங்கிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அவன் நினைத்தது கிளைப் பாதையின் கடைசி. அவர்கள் இறங்கியது பாசிர் ரிஸ்ஸில். அங்கே ஒரு மலாய்ப் பெண்மணி பார்த்து, தானா மேரா வரை கூடவே திரும்பி வந்து, விமான நிலைய ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறார். அவர்கள் என் முன்னால் வந்து நின்றபோது பதிவு முடிந்து ஆறு நிமிடம். அந்த அம்மாவின் கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கறிவேப்பிலைக் கன்று, மருமகள் தொட்டியில் வளர்த்துக் கொடுத்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கன்றை முகப்பின் மேல் வைத்துவிட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. மறுநாள் விமானத்தில்தான் போனார்கள். பெரும்பாலான விமானங்களுக்குப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பதிவு முகப்பை மூடிவிடுவார்கள். மூடிய பிறகு அங்கே நிற்பவர் எவ்வளவு மனமிரங்கினாலும் கணினி இரங்காது. அதனால்தான், ஊரிலிருந்து வந்த பெரியவர்களைத் தனியாக ரயிலில் ஏற்றி அனுப்பாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். கூட ஒருவர் போக முடியாது என்றால் டாக்சி. ஓட்டுநரிடம் முனைய எண்ணை நீங்களே சொல்லி அனுப்புங்கள்.

சரி, டாக்சிச் செலவுக்கு வருவோம். விமான நிலையக் கூடுதல் கட்டணம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்குப் பயந்து பலர் டாக்சியையே நினைப்பதில்லை. அந்தக் கட்டணம் விமான நிலையத்திலிருந்து ஏறுகிறவர்களுக்கு மட்டும். அங்கே போகிறவர்களுக்குக் கிடையாது. போகும்போது உங்கள் மீட்டரில் சேரக்கூடியவை வேறு. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணிக்கு முன்வரை மீட்டர் தொகையோடு அதில் பாதி சேரும். வேலைநாள் காலை உச்ச நேரத்தில் கால் பங்கு சேரும். மின்னியல் சாலைக் கட்டண வளைவுகளைத் தாண்டினால் அதுவும் உங்கள் கணக்கில். ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து சாங்கி என்பது தீவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம், கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். எந்த நேரம் கிளம்பினாலும் மீட்டர் முப்பதைத் தாண்டும். உச்ச நேரத்தில் நாற்பதைத் தொடும், ஐம்பதை நெருங்கவும் வாய்ப்புண்டு. உங்களுக்குச் சொன்னவர் மிகைப்படுத்தவில்லை.

செயலியில் அழைத்தால் ஏறும் முன்பே தொகை தெரிந்துவிடும், அது மனத்துக்கு நிம்மதி. ஆனால் மழை பெய்தால் அந்தத் தொகை எகிறும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காலையில் வானம் இருண்டு கிடக்கும் நாள்களில் கிளம்புகிறீர்கள் என்றால் முதல் நாளே பதிந்துவையுங்கள். இரண்டு மூன்று வெள்ளி அதிகம் கேட்டாலும் கொடுங்கள். காலை ஆறு மணிக்குக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு "வண்டி தேடப்படுகிறது" என்ற வரியையே உற்று நோக்கிக்கொண்டிருக்கும் பதற்றம் பெரியவர்களுக்கு வேண்டாம்.

மகளைப் பற்றி ஒன்று. 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைகள் காரில் போகும்போது அவர்களுக்கேற்ற இருக்கை வேண்டும் என்பது இங்கே சட்டம். டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு, செயலியில் வரும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. ஆறு வயதுப் பிள்ளை அந்த உயரத்தை எட்டியிருக்காது. குழந்தை இருக்கையுள்ள வண்டி என்று தனியே கேட்காமல் சாதாரண வாடகைக் காரை அழைத்தால், ஓட்டுநர் பார்த்துவிட்டு ஏற்ற மறுத்துப் போய்விடலாம். மறுப்பது அவர் உரிமை, அபராதம் அவருக்குத்தான் வரும். மகளை அம்மாவோடு ரயிலில் அனுப்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பெட்டி அறை. சாதாரண டாக்சியில் நான்கு பயணிகள்தான் ஏறலாம், நீங்கள் ஐந்து பேர். பின்னால் பெரிய பெட்டி இரண்டு தாராளமாகப் போகும், மூன்றாவது ஒன்று சின்னதாக இருந்தால் நுழையும். நான்காவது பெட்டி முன் இருக்கையிலோ பின் இருக்கையில் உங்கள் மடிக்குப் பக்கத்திலோதான் வரும். ஆகவே மூன்று பேர் என்பதுதான் அந்த வண்டிக்குச் சரியான அளவு. பதியும்போதே "பெரிய பெட்டி நான்கு" என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். ஓட்டுநர் வந்து இறங்கிப் பார்த்துத் தலையைச் சொறியும் நிலை வராது.

நெரிசல் பயத்துக்கு வருகிறேன். பயப்படுவது நியாயம்தான், ஆனால் நேரத்தை வைத்து அதை அடக்கலாம். வேலைநாளில் ஜூரோங்கிலிருந்து கிழக்கே போகும் தீவு விரைவுச்சாலை ஏழு மணிக்கு மேல் புக்கிட் தீமா, தோ பாயோ பக்கத்தில் இறுக ஆரம்பிக்கும். ஆறேகாலுக்குள் சக்கரம் உருண்டுவிட்டால் அந்த இடங்களை இறுகுவதற்கு முன்பே தாண்டிவிடலாம். இன்னொரு வழி ஆயர் ராஜா விரைவுச்சாலை, பிறகு 2013 டிசம்பரில் திறந்த மரினா கரையோர விரைவுச்சாலையின் சுரங்கம், அதன்பின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே. மரினாவைத் தாண்டிவிட்டால் காலையில் அந்தக் கடற்கரைச் சாலை உங்களுக்குச் சாதகம். எல்லோரும் நகரத்துக்குள் வந்துகொண்டிருப்பார்கள், நீங்கள் நகரத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருப்பீர்கள். எந்த வழி என்பதை அன்று காலை நிலவரம் பார்த்து ஓட்டுநரே முடிவு செய்யட்டும். முக்கால் மணியில் போய்விடலாம், ஒன்றேகால் மணி என்று கணக்கில் வையுங்கள். ஏழரைக்கு இறங்கினால் 10.40 விமானத்துக்கு நிதானமான நேரம். அம்மா கழிப்பறைக்குப் போய்வரலாம், அப்பா ஒரு கோப்பி குடிக்கலாம்.

ரயில் என்றால் நேரம் உறுதி என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை, அதனால்தான் தனியாளாகப் போகும்போது நானும் ரயிலில்தான் போவேன். ஆனால் முழு உறுதி கிடையாது. 2024 செப்டம்பர் 25 அன்று கிழக்கு மேற்குப் பாதையில் ஒரு பழைய ரயிலின் சக்கர அச்சுப் பகுதி கழன்று தண்டவாளத்தைச் சேதப்படுத்தியது. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே செப்டம்பர் 30 வரை, ஆறு நாள்கள் ரயில் ஓடவில்லை. நீங்கள் போகவேண்டிய பாதை அதுவேதான். 2025 நவம்பர் 29 முதல் டிசம்பர் 8 வரை பிடோக்குக்கும் தெம்பனிஸுக்கும் இடையிலும், தானா மேராவுக்கும் எக்ஸ்போவுக்கும் இடையிலும் பணிகளுக்காகச் சேவை நிறுத்தப்பட்டது. அது முன்கூட்டியே அறிவித்தது, பார்த்தவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதனால் முதல் நாள் இரவு முனைய எண்ணைப் பார்க்கும்போது ரயில் சேவை அறிவிப்பையும் ஒரு பார்வை பாருங்கள். மனைவியும் மகளும் அதில்தானே வரப்போகிறார்கள்.

அம்மாவுக்கு இன்னொரு ஏற்பாடு இன்றைக்கே செய்யுங்கள். விமான நிறுவனத்தை அழைத்துச் சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். கடைசி நேரத்தில் முகப்பில் கேட்டாலும் முயற்சி செய்வார்கள், ஆனால் முன்பே பதிந்திருந்தால் ஆள் தயாராக இருப்பார், திருச்சியில் இறங்கும் இடத்திலும் நாற்காலி காத்திருக்கும். "எனக்கென்ன, நான் நன்றாகத்தானே நடக்கிறேன்" என்று அம்மா கோபிப்பார். முகப்பிலிருந்து விமானக் கதவு வரை எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாது. நீங்களும் உள்ளே கூடப் போக முடியாது.

உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்துவிட்டது. ஆனால் இதே கேள்வியை வேறு நிலையிலிருந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்து தேக்கா பக்கம் தங்குகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. லிட்டில் இந்தியா நிலையத்திலேயே டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறி எக்ஸ்போ வரை உட்கார்ந்து வருவார்கள். வரைபடத்தில் ஒரே பாதை, ஒரே மாற்றம், பார்க்க எளிது. ஆனால் அந்தப் பாதை லிட்டில் இந்தியாவிலிருந்து பூகிஸ், மரினா, சைனாடவுன் என்று நகரத்தை ஒரு முழு வளையம் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஜாலான் புசாருக்கு வந்து, அதற்குப் பிறகுதான் கிழக்கே திரும்பும். லிட்டில் இந்தியாவில் ஏறினால் எக்ஸ்போ இருபத்து மூன்றாவது நிறுத்தம். ஜாலான் புசாரில் ஏறினால் பதின்மூன்றாவது. தேக்காவிலிருந்து ஜாலான் புசார் நிலையம் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. கையில் சிறு பெட்டி என்றால் நடந்து போய் அங்கே ஏறுங்கள், பத்து நிறுத்தம் மிச்சம். கனத்த பெட்டி என்றால் கடைகளின் ஐந்தடிப் பாதையில் ஏற்றி இறக்கி இழுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும், அப்போது டாக்சியே மேல். தேக்காவிலிருந்து சாங்கி அவ்வளவு தூரமில்லை, உச்ச நேரம் இல்லையென்றால் இருபத்தைந்து வெள்ளிக்கு முன்னே பின்னே முடியும். மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு எட்டு வெள்ளி. எக்ஸ்போவில் மாறும்போது நிலத்துக்கு அடியிலிருந்து தரைக்கு மேலே உள்ள மேடைக்கு ஏற வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள், தானா மேராவில் மாறுவதைவிட அது நீளம்.

பொங்கோல், பீஷான், உட்லண்ட்ஸ் பக்கத்தவர்கள் ரயிலா டாக்சியா என்று யோசிக்கும்போது மூன்றாவது வழியை மறந்துவிடுகிறார்கள். பொங்கோலிலிருந்து 34, பீஷானிலிருந்து 53, உட்லண்ட்ஸிலிருந்து 858, இந்த பஸ்கள் நேராக விமான நிலையத்துக்கே போகின்றன. கைப்பெட்டியோடு தனியாகப் போகிறவருக்கு மாறாமல் போய்ச் சேர்வதே பெரிய ஆறுதல்.

துவாஸ், கிராஞ்சி பக்கத்துத் தங்கும்விடுதிகளிலிருந்து ஊருக்குப் போகும் ஊழியத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகிறீர்கள். அக்காள் பிள்ளைக்குப் பொம்மை, அம்மாவுக்குத் தைலம், பால்மாவு, சாக்லேட் என்று அட்டைப்பெட்டியில் அடைத்து, ஒட்டுநாடா சுற்றி, அதன்மேல் கயிறு கட்டி, அந்தக் கயிற்றையே பிடியாக வைத்துத் தூக்கி வருகிறீர்கள். என் முகப்பில் உங்கள் உள்ளங்கையை நீட்டும்போது கயிறு பதிந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்திருக்கிறேன். துவாஸ் லிங்க்கிலிருந்து தானா மேரா வரை கிழக்கு மேற்குப் பாதையை ஏறக்குறைய முழுதாகவே கடக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல். பகலில், ஒரு பெட்டிதான் என்றால் ரயிலில் வாருங்கள், தப்பில்லை. முதலாளி வண்டி கொடுத்தால் இன்னும் நல்லது. அதிகாலை விமானம், இரண்டு பெட்டி என்றால் அதே நாளில் போகிற நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரிய வண்டியைப் பேசுங்கள். ஆளுக்குப் பதினைந்து இருபது வெள்ளி வரும். அந்தக் காசு உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். விமானத்தைத் தவறவிட்டு இன்னொரு டிக்கெட் எடுக்கக் கடன் வாங்கிய தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியை விடுதியிலேயே எடை போடுங்கள், கையில் தூக்கும் சின்னத் தராசு எந்தத் தங்கும்விடுதிக் கடையிலும் கிடைக்கும். முகப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்து, கட்டிய கயிற்றை அவிழ்த்து, எதை விட்டுவிட்டுப் போவது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை ஒன்று. முதல் ரயில்கள் காலை ஐந்தரையை ஒட்டித்தான் ஓடத் தொடங்கும், ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால் இன்னும் சற்றுத் தாமதம். மேற்கிலிருந்து முதல் ரயிலில் ஏறினால் விமான நிலையம் வந்துசேர ஏழு மணி ஆகிவிடும். ஆகவே காலை ஒன்பதுக்கு முன் புறப்படும் விமானம் என்றால் மேற்கில் இருப்பவர்கள் ரயிலை மறந்துவிடலாம். இரவில் வந்து இறங்குகிறவர்கள் நகரத்துக்குப் போகும் கடைசி ரயில் பதினொன்றேகாலை ஒட்டிக் கிளம்பிவிடும் என்று நினைவில் வையுங்கள். பத்தரைக்கு இறங்கும் விமானம் என்றால் பெட்டி வர அரைமணி, குடிநுழைவு வரிசை வேறு, அந்த ரயிலை நம்ப வேண்டாம்.

வரும் ஆண்டுகளில் இதெல்லாம் மாறும். தானா மேராவிலிருந்து விமான நிலையம் வரையுள்ள இந்தக் கிளையைத் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையோடு இணைத்து, முனையம் 5 வழியாகக் கொண்டுபோகும் திட்டம் 2025ல் அறிவிக்கப்பட்டது. முனையம் 5க்கு அதே ஆண்டு மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள், 2030களின் நடுவில் திறக்கும் என்கிறார்கள். அப்போது நகரத்திலிருந்து மாறாமல் விமான நிலையம் போகலாம். உங்கள் மகள் பட்டம் வாங்கும் வயதில் அது பழகிப்போயிருக்கும்.

இப்போதைக்கு வியாழக்கிழமைக் காலைக்குத் திரும்புவோம். டாக்சி ஆறு மணிக்குப் பிறகு, ஆறேகாலுக்குள். மனைவியும் மகளும் அதே நேரத்தில் கிளம்பினால் உங்களுக்கு அரைமணி பின்னால் வந்துசேர்வார்கள். அதற்குள் பெட்டிகளைப் போட்டு முடித்திருப்பீர்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சலுகை அட்டை இருந்தால் ரயிலில் காசு கிடையாது, இன்னும் எடுக்கவில்லையென்றால் இந்த வாரமே எடுங்கள். பேத்தி வந்த பிறகு தாத்தா பாட்டியோடு ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். பதிவு முடிந்ததும் அவசரப்பட்டு உள்ளே அனுப்பிவிடாதீர்கள், ஒன்பதேகாலுக்குப் போனால் போதும்.

அவர்கள் உள்ளே போன பிறகு டாக்சி வரிசையில் நிற்காதீர்கள், அந்த விமான நிலையக் கூடுதல் கட்டணம் அப்போதுதான் உங்களைப் பிடிக்கும். மூவரும் ரயிலுக்கு நடங்கள். கையில் பெட்டி இருக்காது, காலைக் கூட்டமும் வடிந்திருக்கும். தானா மேராவில் மாறினால் பூன் லே வரை உட்கார்ந்தே போகலாம். மகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். எக்ஸ்போ வருவதற்கு முன் ரயில் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும், அந்த இடத்தில் வானத்தில் ஏதாவது ஒரு விமானம் தென்பட்டால், அதுதான் தாத்தாவின் விமானமா என்று கட்டாயம் கேட்பாள். இல்லை, அவர்கள் இன்னும் கிளம்பவில்லை என்று சொல்லுங்கள்.